முன்மயிரும் மூன்று செத்தவீடுகளும்

என் நெற்றி பெரிதாகிக்கொண்டு வருகிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது பொட்டுத்தான். வருடக்கணக்காக ஒரே இடத்தில்தான் ஒட்டுகிறேன், இரண்டு புருவங்களுக்கும் நடுவில். ஒரு நாள் வேலைக்கு வெளிக்கிடும்போது கண்ணாடியைப் பார்த்தால், பெரிய மைதானத்தில் தனியே விட்டுப்போன பிள்ளை மாதிரி அது நிற்கிறது. பொட்டில் பிழை இல்லை. மேலே மயிர் பின்வாங்கியிருந்தது. நெற்றியின் இரண்டு பக்கமும் முன்பு பூனைமயிர் சுருண்டு நின்ற இடமெல்லாம் வழித்துவிட்டது போல மினுங்கியது.

யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நாற்பத்தேழு வயது. இந்த வயதில் மூட்டுநோ என்றால் நாலு பேர் பரிவாக விசாரிப்பார்கள். சீனி வருத்தம் என்றால் பாகற்காய் கொண்டுவந்து தருவார்கள். ஒரு பெண்ணுக்கு வழுக்கை என்றால் முகத்துக்கு முன்னால் பரிதாபப்பட்டுவிட்டு, கார்க் கதவைச் சாத்தியதும் சிரிப்பார்கள். எனக்குத் தெரியும், நானே அப்படிச் சிரித்திருக்கிறேன்.

காரணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. நான் ஓர் ஆரம்பப் பாடசாலையின் சமையலறையில் வேலை செய்கிறேன். தலைக்கு வலை போட்டுத்தான் உள்ளே போகலாம். ஒரு மயிர் வெளியே நின்றாலும் மேற்பார்வை பார்க்கிறவர் விரலை நீட்டுவார். என் கொண்டையைப் பார்த்து அவர் ஒரு நாளும் விரலை நீட்டியதில்லை. வலையே தேவைப்படாத அளவுக்கு இறுக்கிக் கட்டுவேன். புருவம் இரண்டும் கொஞ்சம் மேலே ஏறினால்தான் எனக்குக் கட்டியதாகத் திருப்தி வரும்.

இது ஒரு பங்கு. மறுபங்கு, எனக்குப் பிறவியிலேயே சுருட்டை மயிர். சுருட்டை என்றால் படங்களில் நெற்றியில் அழகாக விழுமே, அது இல்லை. சீப்பு உள்ளே போனால் திரும்பி வர யோசிக்கும் சுருட்டை. லண்டனுக்கு வந்த புதிதில் ஃபாரஸ்ட் கேட்டில் ஓர் அக்காவைக் கண்டுபிடித்தேன். தன் வீட்டு முன்னறையிலேயே பார்லர் நடத்துகிறவர். எட்டுக் கிழமைக்கு ஒரு தரம் ரிலாக்சர் கிறீம் பூசி என் தலையை நேராக்கி விடுவார். இருபது வருடம் அவர் கதிரையில் இருந்திருக்கிறேன். கிறீம் பூசிப் பத்து நிமிடத்தில் மண்டை எரியத் தொடங்கும்.

"எரியுதோ?" என்று கேட்பார்.

"ஓம் அக்கா."

"அப்ப வேலை செய்யுது," என்பார்.

இரண்டு பேருக்கும் அதில் சந்தேகம் வந்ததே இல்லை. எரிந்தால்தான் மருந்து, வலித்தால்தான் பின்னல் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள்.

கடைசியில் டொக்டரிடம் போனேன். இளம் பெடியன். என் நெற்றியை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மயிரை இழுத்து இழுத்தே வேர்கள் களைத்துவிட்டன என்றான். கிறீம் மிச்ச வேலையைச் செய்திருக்கிறதாம். இன்னும் சாகவில்லை, ஆனால் இப்படியே போனால் அந்த இடங்களில் இனி முளைக்காது என்றான். மருந்து எழுதித் தரச் சொன்னேன். இழுக்காமல் இருப்பதுதான் முதல் மருந்து என்றான். இதைக் கேட்க இரண்டு பஸ் மாறி வந்தேனே என்று எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்தபோதுதான் பயம் வந்தது. இனி முளைக்காது என்ற சொல் காதை விட்டுப் போகவில்லை.

அடுத்த நாள் கரட் சீவிக்கொண்டிருக்கும்போது என் பக்கத்தில் வேலை செய்கிற கானா நாட்டுத் தோழியிடம் சொன்னேன். அவளுக்கும் என் வயதுதான். என்னைச் சிஸ்டர் என்பாள். ஏன் அவளிடம் சொன்னேன் என்றால், அவளுக்கு என் சொந்தக்காரர் ஒருவரையும் தெரியாது. அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு என்னைச் சாமான் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், வலையைத் தூக்கி, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "சிஸ்டர், உன் தலையோடு உனக்கு என்ன பகை?" என்று கேட்டாள்.

வழியும் அவளே சொன்னாள். கிறீமை இன்றோடு நிறுத்த வேண்டும். தலை முழுவதையும் சின்னச் சின்னப் பின்னல்களாக, இழுக்காமல், பாரமில்லாத பொய்மயிர் கொஞ்சம் சேர்த்துப் பின்னிவிட வேண்டும். நெற்றியோரத்து மெல்லிய மயிரைப் பின்னலுக்குள் சேர்க்கவே கூடாது. எட்டுக் கிழமைக்குச் சீப்பு, சூடு, கொண்டை ஒன்றும் கிடையாது. வேருக்கு ஓய்வு கிடைத்தால் முளைப்பது முளைக்கும். நேராக்கிய பழைய மயிரைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எறியலாம்.

"எட்டுக் கிழமை உன் தலையை மறந்துவிடு," என்றாள். இருபது வருடத்துக்கு முந்திய கல்யாண வீடு ஒன்றில் எனக்கு யார் ஐஸ்கிறீம் தரவில்லை என்பதைக்கூட மறக்காதவள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய பிளாட்டுக்குப் போனேன். ஐந்து மணித்தியாலம் பிடித்தது. அவள் கட்டிலில் இருக்க, நான் கீழே தலையணை போட்டு அவள் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தேன். வால்சீப்பின் கூர்நுனியால் வகிடு எடுத்து, தண்ணீர் தெளித்து, சிக்கை நுனியிலிருந்து மேலே மேலே எடுத்து வந்தாள். என் வாழ்நாளில் சிக்கு எடுப்பதென்றால் உச்சியில் சீப்பை வைத்துக் கீழே ஒரே இழுவை. இவள் ஏதோ நித்திரையாகும் பிள்ளையின் கையிலிருந்து விளையாட்டுச் சாமானை எடுப்பது போல எடுத்தாள். ஒரு நோவும் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அரை மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இறுக்கிப் பின்னலாமே," என்றேன்.

"ஏன்?"

"கழன்றுவிடாதா?"

"கழலாது."

அவளுக்குக் கை களைத்துவிட்டது, கூச்சத்தில் சொல்லாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "எனக்கு வலி தாங்கலாம், நீ இழு," என்று தைரியம் கொடுத்தேன். அவள் பின்னுவதை நிறுத்திவிட்டு முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தாள். "வலித்தால் நான் பிழையாகச் செய்கிறேன் என்று அர்த்தம். வலித்தால் நீ சொல்ல வேண்டும். சொல்லுவாயா?" என்றாள். சொல்லுவேன் என்றேன். எனக்கு ஏனோ கண் கலங்கியது. நாற்பத்தேழு வருடத்தில் என் தலையைத் தொட்ட ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. வெங்காயம் வெட்டுகிற வேலையில் இருப்பவள் என்பதால் கண்ணைத் துடைத்து அப்படியே சமாளித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர், அதாவது என் கணவர், கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இஞ்சரும், இது எத்தினை நாளைக்கு?" என்று மட்டும் கேட்டார். வேலையிடத்தில் இப்போது இப்படித்தான் பின்னச் சொல்கிறார்கள் என்று ஒரு பொய் சொன்னேன். வழுக்கை விசயத்தை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கே தலையில் ஒன்றும் இல்லை. அவரிடம் போய் முன்மயிருக்காக அழுவது சரியில்லை என்று பட்டது. மகள் மட்டும், "அம்மா, யூ லுக் சோ கூல்," என்றாள். அவள் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல்தரம்.

வெஸ்ட் ஈலிங் கோயிலில்தான் பெரிய பரபரப்பு. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா மெல்லிய குரலில், "என்ன நேத்தி பிள்ளை?" என்று கேட்டார். நேர்த்திக்குச் சடை வளர்க்கிறேனாம். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அம்மனிடம் நான் கேட்டு வந்ததும் மயிர்தான். "ஓம் அம்மா, ஒரு நேத்தி," என்றேன். அவர் தன் தட்டிலிருந்த பூவில் ஒன்றை எடுத்து மரியாதையாக என் கையில் வைத்தார்.

முதல் வெள்ளிக்கிழமையே நான் பிழை விட்டேன். இரண்டு கிழமைக்குத் தலையை நனைக்காதே, பிறகும் ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து வகிடுகளில் மட்டும் தெளித்துக் கழுவு என்றுதான் தோழி சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை முழுகாமல் அடுப்பு மூட்ட எனக்கு மனம் வரவில்லை. ஷாம்பூ கூடாது என்றால் சீயக்காய் போடலாம்தானே, அது மருந்துச் சாமான்தானே என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். தூளைக் குழைத்து, தேசிக்காய்ப் புளியும் விட்டுத் தலை நிறைய அப்பினேன்.

மயிர் விரிந்து கிடந்தால் சீயக்காய் கழுவுப்பட்டுப் போகும். எழுபது பின்னலுக்குள் புகுந்த சீயக்காய் எங்கே போகும்? போகவில்லை. காய்ந்ததும் ஒவ்வொரு பின்னலின் ஒவ்வொரு முறுக்குக்குள்ளிருந்தும் மண்ணிறத் தூள் எட்டிப் பார்த்தது. தலையை ஆட்டினால் கொட்டியது. திங்கட்கிழமை சமையலறையில் நான் குனிந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர், இது என்ன மசாலா என்று கேட்டார். தோழி என்னைத் திரும்பவும் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். அன்று வேலை முடிந்ததும் புதுப் பல்துலக்கி இரண்டு வாங்கி வந்து, பூங்காவில் ஒரு வாங்கில் என்னை இருத்தி, பின்னல் பின்னலாகத் தேய்த்து எடுத்தாள். நாய் கூட்டிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஏன் முழுகக் கூடாது என்று இப்போது சொல்கிறேன், கேள்," என்றாள் தேய்த்துக்கொண்டே. நனைந்த பின்னல் கனக்கும். அந்தப் பாரம் எல்லாம் வேரில் தொங்கும். நல்ல வேருக்கு அது ஒன்றும் செய்யாது. என் முன்பக்கத்து வேர்கள் இப்போதுதான் மூச்சு வாங்குகின்றன, அவற்றில் பாரம் ஏற்றினால் செய்ததெல்லாம் வீண். தலைக்கு மேலால் தண்ணீர் ஊற்றவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் சனம் சாகத் தொடங்கியது.

ஆனால் அதற்கு முன் ஃபாரஸ்ட் கேட் அக்காவுக்கும் எனக்கும் வந்த பகையைச் சொல்ல வேண்டும். நான் கிறீம் போட வராததற்கு என்ன காரணம் என்று கேட்டு அவர் இரண்டு தரம் குரல் செய்தி அனுப்பியிருந்தார். நான் பதில் போடாமல் ஒளித்துத் திரிந்தேன். மூன்றாம் கிழமை தமிழ்க் கடையில், மரக்கறித் தட்டுக்கு முன்னால், கையில் முருங்கைக்காயோடு என்னைப் பிடித்துவிட்டார்.

"ஆர் பின்னினது?" என்று கேட்டார்.

"வேலை செய்யிற இடத்திலை ஒரு ஆள்."

"ஏன், நான் செத்துப்போனனோ?"

மெதுவாகச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் பிடிபட்டுப்போனேன் என்ற எரிச்சலில் எனக்கு வாய் நீண்டுவிட்டது. "உங்கடை கிறீமாலைதான் என்ரை முன்மயிர் போனது எண்டு டொக்டர் சொன்னவர்," என்றேன். பக்கத்தில் பாகற்காய் பொறுக்கிய இரண்டு பேரும் பொறுக்குவதை நிறுத்தினார்கள். இரண்டு பேரும் அக்காவின் வாடிக்கையாளர்கள். அக்கா முருங்கைக்காயை ஒவ்வொன்றாகத் தட்டில் திரும்ப அடுக்கிவிட்டு வெளியே போனார். வீட்டுக்கு வந்து பார்த்தால் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருந்தார்.

இவரிடமும் சொல்லாத விசயத்தைக் கடையில் நின்று சொன்னேனே என்று என்னையே நான் ஏசிக்கொண்டேன். என் கொண்டைக்கும் பங்கு உண்டு என்று டொக்டர் சொன்னதை நான் வசதியாக விட்டுவிட்டிருந்தேன்.

அந்தக் கிழமைதான் முதல் செத்தவீடு. கோலியர்ஸ் வுட்டில் இவருடைய ஒன்றுவிட்ட சித்தப்பா. எங்கள் ஆட்களில் செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தலைமுழுகாமல் வீட்டுக்குள் காலடி வைக்க முடியாது. இவர் விரதம் பிடிக்க மாட்டார், கோயிலில் செருப்புக்குக் காவல் நிற்பார், வெள்ளிக்கிழமை வெளியில் கோழி சாப்பிட்டது எனக்குத் தெரியும். ஆனால் துடக்கு, தீட்டு என்று வந்துவிட்டால் அவரை விடப் பெரிய ஆசாரக்காரர் லண்டனில் கிடையாது. பக்கத்துப் படலையால் வந்து, பின்வளவில் வைத்த வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைத்து ஊற்றி, அதன் பிறகுதான் குளியலறை. மாசி மாதக் குளிரிலும் அதில் மாற்றம் இல்லை. அவருக்கு என்ன, ஒரு செம்பு ஊற்றித் துவாயால் ஒரு தடவு தடவினால் தலை காய்ந்துவிடும்.

அன்று எனக்கு ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லித் தப்பினேன். சனிக்கிழமையில் பாடசாலைச் சமையலறைக்கு என்ன ஷிப்ட் என்று அவர் கேட்கவில்லை. சித்தப்பாவின் வீட்டார் கேட்டார்களாம்.

நாலாம் கிழமை இரண்டாவது. இவருடைய சிநேகிதரின் தகப்பன். தப்ப வழியில்லை. போனேன், தலை குனிந்து கும்பிட்டேன், வந்தேன். பின்வளவில் இவர் வாளியோடு நின்றார். நான் முன்யோசனையாகக் கைப்பையில் கொண்டுபோயிருந்த குளிப்புத் தொப்பியை, இவர் இறங்கிப்போனதும் காரிலேயே தலையில் மாட்டி, மேலே முக்காட்டை இழுத்து விட்டிருந்தேன். மஞ்சள் தண்ணீர் விழுந்தபோது பொலபொலவென்று சத்தம் கேட்டது. கூடாரத்தில் மழை பெய்கிற சத்தம்.

"என்ன சத்தம் அது?" என்றார்.

"தண்ணிச் சத்தம்தானே."

முக்காட்டைத் தூக்கிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் முகம் அவ்வளவு வாடி நான் கண்டதில்லை. "தலையிலை படாட்டில் அது முழுக்கோ? ஆரை ஏமாத்துறீர்?" என்றார். ஏலாது, தலையை நனைக்க ஏலாது என்றேன். ஏன் ஏலாது என்றார். நான் ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டு நிற்க, அவர் உள்ளே போகாமல் அங்கேயே நின்று ஐயருக்குப் போன் எடுத்தார். ஐயர் காரில் போய்க்கொண்டிருந்தார். நோயோடு இருக்கும் வருத்தக்காரர் என்றால் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் காணும், அதுவே போதும் என்றார்.

இவர் போனை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "நீர் வருத்தக்காரியோ?"

வேறு வழி இருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, நெற்றிப் பக்கம் இரண்டையும் காட்டினேன். டொக்டர் சொன்னது, தோழி சொன்னது, இனி முளைக்காமலே போகலாம் என்பது, எல்லாம் சொன்னேன். அவர் கிட்ட வந்து, கழுத்தை நீட்டி, வலதும் இடதுமாகப் பார்த்தார்.

"அது நெத்தி எண்டெல்லோ நினைச்சன்," என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது. அவர் வாளிக்குள் விரலைத் தோய்த்து, சாமிக்குத் தெளிப்பது போல மூன்று தரம் என் தலையில் தெளித்துவிட்டு, "போம், உள்ளை போம், குளிருது," என்றார். அன்று தொடக்கம் அவர் என் பின்னல்களை வீட்டில் இருக்கும் ஒரு வருத்தக்காரர் போலத்தான் நடத்தினார். படுக்கப் போகும்போது பின்னல் கலையாமல் இருக்கச் சாட்டின் துணி கட்டினேனா என்று அவரே விசாரிப்பார்.

ஐந்தாம் கிழமை ஒரு புதன்கிழமை இவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னார், ஃபாரஸ்ட் கேட் அக்காவின் தாயார் காலமாகிவிட்டார் என்று. எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. இவருக்கும் யாரோ அனுப்பிய மரண அறிவித்தலில்தான் தெரிந்தது.

"போவமோ?" என்று கேட்டார்.

இது எனக்குக் கேள்வியே இல்லை. என் அம்மா ஊரில் செத்தபோது விசா கிடைக்காமல் நான் இங்கே இருந்து மாரடித்தேன். அப்போது மூன்று நாள் பார்லரைப் பூட்டிவிட்டு வந்து என் அடுப்பில் சமைத்து, எனக்கு வாயில் சோறு வைத்தவர் அந்த அக்கா. கடையில் அவரிடம் அப்படிச் சொல்லிவிட்டேனே என்று இரண்டு கிழமையாக நெஞ்சு உறுத்திக்கொண்டிருந்தது. என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மண்டபம் நிறையச் சனம். பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். தலைமாட்டில் அக்கா வெள்ளைச் சேலையோடு ஒரு கதிரையில் இருந்தார். பெண்கள் வரிசையாகப் போய்க் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு விலகிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. நான் குனிந்து, "அக்கா," என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் என்னை இழுத்துக் கட்டிப்பிடித்து, "அம்மா என்னை விட்டுட்டுப் போட்டா அடி," என்று அழுதார். நானும் அழுதேன். அவருடைய கை என் பின்தலையில் இருந்தது. அழுதுகொண்டே அது ஒரு பின்னலைப் பிடித்துப் பார்த்தது. பிறகு அடுத்ததை. நுனியில் இருந்து வேர் வரை தடவிப் போனது. கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தம் நின்றது. கை மட்டும் நிற்கவில்லை.

அவர் என்னை விலக்கிப் பிடித்து, சேலைத் தலைப்பால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, என் நாடியைப் பிடித்து முகத்தை மண்டப வெளிச்சத்துக்குத் திருப்பினார். பெருவிரலால் இடப்பக்க நெற்றியோரத்தைத் தடவினார்.

"முளைச்சிருக்கு," என்றார்.

"எங்கை?"

"இஞ்சை. சின்னதாய். ஒரு பத்துப் பன்னிரண்டு."

எனக்குப் பின்னால் நின்ற வரிசை பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. ஏதோ பெரிய துயரக் கதை என்று நினைத்திருப்பார்கள். ஐந்து கிழமையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நான் தேடியும் கிடைக்காததை, தாயின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து அக்கா எண்ணிவிட்டார்.

"இருபது வருசமா நான்தானே," என்று தொடங்கினார்.

"நான்தானே அக்கா கேட்டுக் கேட்டுப் போட்டனான். கொண்டையும் நான்தான் இறுக்கினனான். கடையிலை அதைச் சொல்லேல்லை," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தாயின் பக்கம் திரும்பினார். தாயாருக்கு வெள்ளை மயிர் நடுவகிடு பிரித்து, காதோரம் ஒரு சுருளும் கலையாமல் வாரி, தளர்வாகப் பின்னியிருந்தது.

"காலமை போய் நான்தான் அம்மாவுக்குத் தலை இழுத்து விட்டனான்," என்றார். "உயிரோடை இருக்கேக்கை ஒரு நாளும் தொட விட்டதில்லை. நீ பிய்ச்செடுத்துப் போடுவாய் எண்டு சீப்பைப் பறிச்சுப்போடுவா. இண்டைக்கு மெல்ல மெல்ல இழுத்தனான். நோகுதோ எண்டும் கேட்டனான். ஒண்டும் சொல்லேல்லை."

நான் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன். வரிசை எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. பெட்டி மூடும் வரைக்கும் அவருடைய கை என் தலையில்தான் இருந்தது.

அக்கா எண்ணியதைக் காரில் இவரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபோது இவர் காரை நிறுத்திவிட்டு எனக்கு முன்னால் ஓடிப்போய்ச் செம்பில் மஞ்சள் தண்ணீர் எடுத்து வந்தார். தெளிக்க விரலைத் தோய்த்தார். வேண்டாம் என்றேன்.

"ஐயர் சொன்னவரெல்லோ, தெளிச்சால் காணும் எண்டு."

"இது காணாது," என்றேன்.

வாளியை நானே தூக்கித் தலையில் ஊற்றினேன். பிறகு உள்ளே போய் ஷவரைத் திறந்து, எழுபது பின்னலும் ஊறும் வரை நின்றேன். தோழியிடம் செய்த சத்தியம் ஞாபகம் வந்தது. முன்மயிரும் ஞாபகம் வந்தது. அந்தத் தாயாருக்கு மூன்று துளி தெளித்துவிட்டு அடுக்களைக்குள் போக எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். தலை கல்லாகக் கனத்தது. முன்பக்கத்தில் ஒவ்வொரு வேரும் தனித்தனியே இழுபடுவது தெரிந்தது. நான் பயந்துபோய் இரண்டு கையாலும் பின்னல்களை ஏந்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இவர் என்னைக் கதிரையில் இருத்தினார். பின்னல்களின் பாரத்தைத் தன் இடது கையில் வாங்கிக்கொண்டு, மகளின் ட்ரையரைச் சூடில்லாமல் வைத்து, ஒவ்வொன்றாகக் காயவைக்கத் தொடங்கினார். இரண்டு மணித்தியாலம் ஆனது. கை மாற்றி மாற்றிப் பிடித்தார். இடையில் ஒரு தரம், "நோகுதோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

முடிந்ததும் முன்னால் வந்து குனிந்தார். "எங்கை, அக்கா சொன்ன பன்னிரண்டும் நிக்குதோ எண்டு பாப்பம்." என் நெற்றியோரத்தில் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்ட வந்து, விரலை வைத்து, வாய்க்குள் எண்ணினார்.

"ஓம், பன்னிரண்டும் நிக்குது," என்றார்.

கண்ணாடி இல்லாமல் அவருக்குப் போனில் யார் எடுக்கிறார்கள் என்பதே தெரியாது. அன்று அவர் கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டு வந்திருந்தார். எனக்கு அது தெரியும், ஆனாலும் நம்பினேன்.